பெரிய ஏடிவி வைத்திருக்கிறீர்களா? சர்வீஸ் இடைவெளியைப் பாதியாக்குங்கள்

பெரிய ஏடிவி, அதாவது காடு மேடெல்லாம் ஓடும் நாலு சக்கர வண்டி, வாங்கப் போகிற எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கம்பெனி வண்டி தொல்லை கொடுக்காது? ஹோண்டாவா, யமஹாவா, போலாரிஸா, கேன்-ஆமா என்று மணிக்கணக்கில் பேசலாம். நானும் நிறையப் பேசியிருக்கிறேன், கீழேயும் கொஞ்சம் பேசப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணை இருக்கும் பக்கத்தைத் திறந்து, கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்திலும் அடியிலும் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கடுமையான பயன்பாட்டில் இருக்கும் வண்டிகளுக்கு இந்த வேலைகளை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும் என்று ஏதாவது ஒரு வடிவில் அங்கே எழுதியிருப்பார்கள். போலாரிஸ் கையேடுகளில் கடுமையான பயன்பாடு என்றால் என்ன என்றும் விளக்கியிருப்பார்கள்: அடிக்கடி சேற்றிலோ தண்ணீரிலோ மணலிலோ இறங்குவது, பாரம் ஏற்றி நீண்ட நேரம் மெதுவாக ஓட்டுவது, எஞ்சினை ஓடவிட்டு வெகுநேரம் நிறுத்தி வைப்பது, குளிரில் குறுகிய தூரம் மட்டும் ஓட்டி அணைத்துவிடுவது.

இப்போது சொல்லுங்கள், இதில் எதையுமே செய்யாத ஆள் யார்? 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள, முன்னும் பின்னும் ரேக் வைத்த, டிரெய்லர் இழுக்கிற வண்டியை வாங்குவதே இதற்காகத்தானே. வேலிக்கம்பம் ஏற்றுகிறோம், மருந்து டேங்க்கை வைத்து நடக்கிற வேகத்தில் தெளிக்கிறோம், விறகு இழுக்கிறோம், பனி தள்ளுகிறோம். அட்டவணையின் நடுக்கட்டத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்கள் நமக்கானவை இல்லை. ஓரத்தில் இருக்கும் அந்தக் குறிப்புதான் நமக்கானது. வேலைக்கு ஓடும் ஏடிவிகள் சீக்கிரம் கெடுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்: கடுமையாக உழைக்கிற வண்டிக்கு லேசாக உழைக்கிற வண்டியின் சர்வீஸைச் செய்கிறோம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்ணெய் மாற்ற 100 மணி நேரம் அல்லது 1,600 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது, என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். இதன்படி சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். வேலைக்கு ஓடும் வண்டியின் சராசரி 7 கிலோமீட்டர் என்று வையுங்கள், இடையில் எஞ்சினை அணைக்காமல் இறங்கி வேலை பார்க்கும் நேரமும் அதில் சேரும். அந்த வேகத்தில் 1,600 கிலோமீட்டர் ஓட 228 மணி நேரம் ஆகும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து எண்ணெய் மாற்றுகிறவர், தெரியாமலேயே இரண்டு சர்வீஸ் இடைவெளியைத் தாண்டிவிடுகிறார். கடுமையான பயன்பாட்டுக்காக அதை 50 மணி நேரமாகக் குறைத்தால் நாலு முறை மாற்றியிருக்க வேண்டிய எண்ணெய் அது! ஆகவே ஓடோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கு மீட்டரைப் பாருங்கள். ஒரு நோட்டில், எதை எத்தனை மணி நேரத்தில் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். நான் சீட்டுக்கு அடியில், தண்ணீர் புகாத பையில் போட்டு வைத்திருக்கிறேன். புது வண்டியாக இருந்தால் முதல் சர்வீஸை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் 20 முதல் 25 மணி நேரத்துக்குள் செய்யச் சொல்கின்றன. புது கியர்களும் ரிங்குகளும் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத்தூள் எல்லாம் அந்த முதல் எண்ணெயில்தான் மிதக்கிறது.

சரி, கம்பெனி விஷயத்துக்கு வருவோம். எஞ்சினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பெரிய கம்பெனிகளின் எஞ்சின்கள் சுத்தமான காற்றும் சுத்தமான எண்ணெயும் கிடைத்தால் நீண்ட நாள் ஓடும். வித்தியாசம் இருப்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில். எஞ்சினின் சக்தியைச் சக்கரப் பக்கம் கடத்த நிறைய வண்டிகளில் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும், ஹோண்டா தன் ஏடிவிகளில் அதைப் போடுவதில்லை. ஃபோர்மேன், ரூபிகான் எல்லாம் கியர்பெட்டி வண்டிகள், ரின்கானில் டார்க் கன்வெர்ட்டர், அதாவது திரவத்தின் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம், வைத்த 3 கியர் தானியங்கி. யமஹா கிரிஸ்லி 700, கோடியாக் 700 இரண்டிலும் பெல்ட் உண்டு, ஆனால் அது எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வண்டி கிளம்பும்போது பிடிக்கிற வேலையை எண்ணெயில் நனைந்து ஓடும் தனி கிளட்ச் பார்த்துக்கொள்கிறது. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் மாதிரியான வண்டிகளில் அப்படி இல்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது பெல்ட் தளர்ந்து கிடக்கும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் முன் கிளட்ச்சின் இரண்டு தட்டுகளும் நெருங்கி வந்து அதைக் கவ்வும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பெல்ட் கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கிறது. அதனால் பாரத்தோடு நின்று நின்று கிளம்புகிற வேலைக்கு ஹோண்டாவின் கியரும் யமஹாவின் அமைப்பும் கவலை குறைந்தவை என்பது என் கருத்து. அதே சமயம் அதிக சக்தி, சொகுசான சஸ்பென்ஷன், கூடுதல் இழுவை எல்லாம் வேண்டும் என்றால் கேன்-ஆம் அவுட்லேண்டர் 850, ஸ்போர்ட்ஸ்மேன் 850 பக்கம்தான் போக வேண்டியிருக்கும், அதில் தப்பே இல்லை, பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

ஒற்றை சிலிண்டரா இரட்டையா என்பதற்கும் என்னிடம் ஒரு பதில் உண்டு. கிரிஸ்லியின் 686 சிசி, சுசூகி கிங்குவாட் 750இன் 722 சிசி இரண்டுமே ஒற்றை சிலிண்டர்தான். பெரும்பாலான வேலைக்கு அது தாராளம், பிளக் கழற்றவும் வால்வு இடைவெளி பார்க்கவும் கை போகும். இரண்டு சிலிண்டரும் வி வடிவில் இருக்கும் வி-ட்வின் எஞ்சினில் பின் சிலிண்டர் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும், அதன் சூடும் அங்கேயே தங்கும். எந்த வேலைக்கு நாலு பிளாஸ்டிக் பேனலைக் கழற்ற வேண்டியிருக்கிறதோ அந்த வேலையை நாம் தள்ளிப்போடுவோம், இது மனித இயல்பு. வாங்குவதற்கு முன் ஷோரூமிலேயே கேளுங்கள்: ஏர் ஃபில்டர் எங்கே, எண்ணெய் ஃபில்டர் எங்கே, பெல்ட் மூடியைத் திறக்க எதையெல்லாம் கழற்ற வேண்டும்? கருவி இல்லாமல் ஏர் ஃபில்டரை எடுக்க முடிகிற வண்டிக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

பெல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும், லோ கியர். நிறைய பேர் லோ கியரைச் செங்குத்தான மேட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மணிக்கு 11 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டும் வேலை எல்லாவற்றுக்கும் லோ போடு என்று போலாரிஸ் கையேடே சொல்கிறது. காரணம் சுலபம். வழக்கமாக ஓட்டும் ஹை கியரில் மெதுவாகப் போகும்போது முன் கிளட்ச் பெல்ட்டை முழுசாகக் கவ்வியிருக்காது, வழுக்கல் இருந்துகொண்டே இருக்கும், வழுக்கினால் சூடு, சூடேறினால் ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளத்துப்போகும், அப்புறம் இன்னும் வழுக்கும். இதைவிட மோசமானது, சேற்றில் சிக்கி நகராத வண்டிக்கு ஹையில் வைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிப்பது. பெல்ட் ஒரே இடத்தில் நின்றிருக்க, தட்டு அதைத் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கியது போலக் குறுக்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கேட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர் தீய்ந்த வாடை வந்தால் நிறுத்துங்கள். வாடை போகட்டும் என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள்.

பெல்ட் மூடியைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். மெல்லிய கறுப்புத் தூள் கொஞ்சம் இருப்பது சகஜம். நூல் நூலாகப் பிரிந்து கிடந்தால் பெல்ட் ஓரம் கிழிந்துகொண்டிருக்கிறது. தட்டுகளில் கையை வைத்துத் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும், பள்ளம் தட்டுப்பட்டால் புது பெல்ட் போட்டாலும் அதே கதி. எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் உள்ளே ஒரு சீல் கசிகிறது. பெல்ட்டின் அகலத்தை வெர்னியரால் அளந்து கையேட்டில் இருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். புது பெல்ட்டைப் போடும்போது பழையது எந்தத் திசையில் சுற்றியதோ, எழுத்து எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே போட்டு, தட்டுகளை எண்ணெய் இல்லாத துணியால் துடைத்து, முதல் சில பயணங்களில் அடித்து ஓட்டாமல் பதமாக ஓட்டுங்கள். பழைய பெல்ட் இன்னும் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதையும் கழற்றும் கருவியையும் வண்டியிலேயே வையுங்கள்.

அடுத்தது புழுதி. பெல்ட் போனால் வண்டி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். புழுதி உள்ளே போனால் எதுவுமே தெரியாது, அதனால்தான் அதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன். மணல் தூள் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு இடுக்கு வழியாக அது ஏர் ஃபில்டரைத் தாண்டிவிட்டால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டே இருக்கும். முதலில் எண்ணெய் குறையும், அப்புறம் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், கடைசியில் நீலப்புகை. அந்தக் கட்டத்தில் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

சோதிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஏர் பெட்டியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள், அதாவது ஃபில்டருக்கு அந்தப்புறம் இருக்கும் சுத்தமான பக்கத்தில், ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டு ஒரு சுற்றுத் துடைத்து எடுங்கள். துணி வெள்ளையாகவே வர வேண்டும். பழுப்பாக ஒரு கோடு வந்தால்கூட எங்கோ காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். ஃபில்டர் சரியாக உட்காராமல் இருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபோமின் ஒட்டு விட்டிருக்கலாம், பெட்டியின் மூடி ரப்பர் மடங்கியிருக்கலாம். கண்டுபிடிக்காமல் ஓட்டாதீர்கள். ஃபோம் ஃபில்டரைக் கழுவும்போது பெட்ரோலில் முக்கிப் பிழியும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தீ ஆபத்து ஒருபக்கம் இருக்க, ஒட்டுப்போட்ட இடங்களை அது தளர்த்திவிடும். ஃபில்டர் கிளீனரிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, முழுசாகக் காயவைத்து, ஃபோமுக்கென்று விற்கும் எண்ணெயைச் சீராகத் தடவி, ஓரத்தில் கிரீஸ் பூசி மாட்டுங்கள். எண்ணெய் இல்லாத ஃபோம் பெரிய குப்பையை நிறுத்தும், மெல்லிய புழுதியை விட்டுவிடும். பேப்பர் ஃபில்டராக இருந்தால் கம்ப்ரஸர் காற்றை ஓங்கி அடித்துச் சுத்தம் செய்கிற வேலை வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்துவிடும். மாற்றிவிடுங்கள். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகும் வண்டியின் புழுதிக்குள்ளேயே ஓட்டியிருந்தால் மணிக்கணக்கு எதையும் பார்க்காமல் அன்றைக்கே திறந்து பாருங்கள்.

தண்ணீர் தனிக்கதை. வண்டி தண்ணீரில் இறங்கலாம், எவ்வளவு ஆழம் வரை என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் கால்மிதிப் பலகை அளவுதான். எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடவே கூடாது, சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். வெளியே இழுத்து, பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்றி, தெளிவாக வரும்வரை இதையே செய்ய வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும், தண்ணீர் கலந்த எண்ணெய் பால் கலந்த நிறத்தில், வெளிறிப்போய் நுரைத்திருக்கும். குளிர்காலத்தில் குறுகிய தூரம் மட்டும் ஓட்டினாலும் மூடிக்கு அடியில் இப்படி ஒரு மெல்லிய படலம் சேரும். அது வெறும் ஈரப்பசை, எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி நீண்ட நேரம் ஓட்டினால் போய்விடும். டிப்ஸ்டிக் முழுக்க அப்படி இருந்தால்தான் கவலை.

எல்லாரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள், இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்பெட்டியான டிஃபரன்ஷியலை மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரோடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அது மூச்சு விடுவதற்காகவே ஒரு சின்னக் குழாயை மேலே ஹேண்டில்பார் பக்கம் வரைக்கும் இழுத்து வைத்திருப்பார்கள். அந்தக் குழாய் சேறு அடைத்தோ, எங்காவது நசுங்கியோ இருந்தால், காற்றை இழுக்க வழியில்லாமல் ஆக்ஸில் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சீல் புதுசாக இருந்தாலும் இப்படி நடக்கும். சீலை மாற்றி மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் குழாயை ஒருமுறை ஊதிப் பார்த்திருந்தால் போதும். ஆழத் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் டிஃபரன்ஷியலின் டிரெயின் போல்ட்டைத் தளர்த்திச் சில சொட்டு எண்ணெயைப் பாருங்கள், தண்ணீர் கனமானது என்பதால் அதுதான் முதலில் வரும். காந்தம் வைத்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். ஊசி மாதிரி, சீவல் மாதிரி இரும்புத் துண்டு இருந்தால் கியரையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். போல்ட்டை மறுபடி முறுக்கும்போது கையேட்டில் சொன்ன முறுக்கு விசை அளவுக்கு மேல் போகாதீர்கள், உறை அலுமினியம், மரை போனால் பெரிய செலவு.

எண்ணெய் வாங்கும்போது இதையும் கவனியுங்கள். எண்ணெயில் நனைந்து ஓடும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு, அதாவது ஹோண்டா, யமஹா மாதிரி வண்டிகளுக்கு, எரிபொருள் சேமிக்கும் என்று போட்டு விற்கும் கார் எண்ணெய் ஆகாது. அதில் இருக்கும் வழுக்கும் சேர்மானம் கிளட்ச்சையும் வழுக்கவிடும். ஜாசோ எம்ஏ முத்திரை உள்ளதை வாங்குங்கள். போலாரிஸின் முன் கியர்பெட்டியில் மின்காந்தச் சுருளை வைத்து உருளைகளைப் பிடிக்கவிடும் அமைப்பு இருக்கிறது, அதற்கென்று தனித் திரவம் உண்டு, சாதாரண கியர் எண்ணெயை ஊற்றினால் நாலு சக்கர இழுவை சரியாகப் பிடிக்காது. பின்சக்கரங்கள் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது நாலு சக்கர இழுவையின் சுவிட்சைப் போடுவதும் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டு, சக்கரம் நின்ற பிறகு போடுங்கள்.

சக்கரப் பக்கம் பார்க்க வேண்டியவை சுலபமானவை. ஆக்ஸிலின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட்டை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் விரலால் விரித்துப் பாருங்கள், மடிப்புக்குள்தான் குச்சி குத்திய ஓட்டை ஒளிந்திருக்கும். சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால் கிழிந்துவிட்டது. உடனே மாற்றினால் ஒரு ரப்பரோடு போகும், விட்டால் முழு ஜாயிண்ட்டும் போகும், முழுசாகத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தபிறகு ரப்பர் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடத்தில் எல்லாம், பழைய கிரீஸும் சேறும் வெளியே வந்து புதுசு தெரியும்வரை அடியுங்கள்.

பிரேக் பேட் விஷயத்தில் மணிக்கணக்கு செல்லாது. களிமண் சேற்றில் சில பயணங்களிலேயே ஒரு செட் பேட் தீர்ந்துவிடும். ஆகவே பேடின் தடிமனைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும். பிரேக் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயர் காற்று பெரும்பாலான வண்டிகளில் 5 முதல் 7 பிஎஸ்ஐ அளவில்தான். கார் டயருக்கான கேஜ் அவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் அழுத்தம் மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், முன் டிஃபரன்ஷியலைப் பூட்டி ஓட்டும்போது ஆக்ஸிலுக்கும் வீண் சுமை.

கழுவுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. சேறு காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும், ஆனால் உயர் அழுத்த வாஷரை எல்லா இடத்திலும் காட்டக் கூடாது. ஓடையில் போய் உள்ளே புகாத தண்ணீரை, பளபளப்பாக்குகிறேன் என்று பேரிங் சீலுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் நாமே பிடிவாதமாகப் புகுத்துகிறோம். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்நோக்கி, மெதுவான தண்ணீரில், இதழ்கள் வளையாமல் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே காற்று போகாது. ஓட்டும்போது ஃபேன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் ரேடியேட்டரைச் சந்தேகப்படுங்கள். அப்புறம், காய்ந்த புல்லும் சருகும் சைலன்ஸர் பக்கத்திலும் அடித்தகட்டிலும் சேர்ந்திருக்கும், அதைக் கையால் தோண்டி எடுத்துவிடுங்கள். வண்டிகள் தீப்பிடிப்பதற்கு அது ஒரு உண்மையான காரணம். உயரமான காய்ந்த புல்லுக்குள் ஓட்டுகிற நாளில் நடுநடுவே நிறுத்திப் பார்ப்பது அவசியம்.

மின்சாரம். இந்தக் காலத்துப் பெரிய ஏடிவியில் எரிபொருள் இன்ஜெக்ஷன், பவர் ஸ்டீயரிங், நாலு சக்கர இழுவை, ஃபேன் எல்லாமே 12 வோல்ட்டை நம்பி இருக்கின்றன. பேட்டரி தளர்ந்தால் எஞ்சின் கிளம்பாது என்பதோடு முடியாது. ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரியும், முன்சக்கரம் பிடிக்காது, சம்பந்தமில்லாத கோளாறு எண்கள் திரையில் வரிசையாக வரும். ஒரு வண்டியில் இப்படி மூன்று கோளாறு சேர்ந்து வந்தால் மூன்று பாகத்தைத் தேடிப் போகாதீர்கள், பேட்டரியையும் எர்த் கம்பி ஃபிரேமில் முறுக்கியிருக்கும் இடத்தையும் பாருங்கள். ஓய்வாக இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரோ அதைச் சீராக்கும் ரெகுலேட்டரோ, அவற்றின் கனெக்டரோ. பெரும்பாலும் கனெக்டர்தான், பச்சை பூத்திருக்கும். சுத்தம் செய்து டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைத்து மாட்டினால் வருஷக்கணக்கில் தொல்லை இல்லை.

கேபிளைச் சுற்றி இழுக்கும் மோட்டாரான வின்ச் வைத்தவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முழுப் பாரத்தில் வின்ச் இழுக்கும் மின்சாரத்தை எஞ்சினின் ஸ்டேட்டர் எந்த வேகத்தில் ஓடினாலும் கொடுக்க முடியாது, பேட்டரியிலிருந்துதான் போகிறது. எஞ்சினை ஓடவிட்டு, விட்டு விட்டு இழுங்கள். நாள் முழுக்க வின்ச்சால் பனிப்பலகையைத் தூக்கி இறக்கி மெதுவாகவே ஓட்டினால் பேட்டரி திரும்ப நிறைய நேரமே கிடைக்காது, வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போடுங்கள்.

பெரிய டயர் மாட்டும் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 26 அங்குல டயரோடு வந்த வண்டிக்கு 30 அங்குலம் மாட்டினால் உயரம் கிடைக்கும், ஆனால் கியர் விகிதம் அப்படியேதான் இருக்கும். பெல்ட், ஆக்ஸில், பேரிங், பிரேக் எல்லாமே கூடுதல் நெம்புகோலைச் சுமக்கும். மாட்டத்தான் போகிறீர்கள் என்றால் கிளட்ச்சின் எடைகளையும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள், லோ கியரை இன்னும் அதிகம் பயன்படுத்துங்கள். பாரமும் அதே மாதிரிதான். கிரிஸ்லி 700இன் ரேக்குகள் முன்னால் 50 கிலோ, பின்னால் 90 கிலோ தாங்கும், இழுவை 600 கிலோ. பின் ரேக்கில் தண்ணீர் டேங்க்கை நிறைத்து வைத்தால் அந்த 90 எவ்வளவு சீக்கிரம் தாண்டும் என்று லிட்டர் கணக்கில் பாருங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது டேங்க்கை நிரப்பி, எரிபொருள் கெடாமல் வைக்கும் திரவத்தைச் சேர்த்து, அது இன்ஜெக்டர்வரை போகும்படி சிறிது நேரம் ஓட்டி, எண்ணெயை மாற்றி, பேட்டரியைத் தானாக நிற்கும் சார்ஜரில் விடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் பிரிந்து நிற்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவி இல்லை, எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும். திரும்ப எடுக்கும் முன் ஏர் பெட்டியைத் திறந்து பாருங்கள், எலிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

கடைசியாக, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு. கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 8,000 கிலோமீட்டர், 1,000 மணி நேரம் என்றால் மணிக்கு 8 கிலோமீட்டர், அது உழைத்த வண்டி. கிலோமீட்டர் கணக்கில் வருவதைப் போல நாலு மடங்கு சர்வீஸ் பார்த்திருக்க வேண்டும், ரசீதோ நோட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். அதே தூரம் 350 மணி நேரத்தில் ஓடியிருந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள், சஸ்பென்ஷன் புஷ்ஷையும் பால் ஜாயிண்ட்டையும் அதிகம் பாருங்கள். வண்டி எண்ணைக் கொடுத்து ரீகால், அதாவது கம்பெனியே குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது, பாக்கி இருக்கிறதா என்று டீலரிடம் விசாரியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், உங்களுக்காக முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஏர் குழாய்க்குள் அந்த வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். முன், பின் டிஃபரன்ஷியல் எண்ணெயில் நாலு சொட்டு எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், நன்றாகப் பராமரித்தவர் ஸ்பேனரை அவரே எடுத்துக் கொடுப்பார். மறுக்கிறவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.